ஒன்று, ஒன்று, எண்பது

எனக்குப் பழைய சாமான் மேல் பாசமெல்லாம் கிடையாது. வீட்டு மாடியில் காலாவதியான கம்ப்யூட்டர் ஏழு வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. ஃப்ளாப்பி டிரைவ் கர்ரக் கர்ரக் என்று உறுமுவதைப் பதிவு செய்து போடுவார்கள். அதன் கீழே வரிசையாக வந்து கண்ணீர் விடுவார்கள். எனக்கு அது மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற சத்தம் மாதிரிதான் கேட்கிறது.

நான் பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி இதையெல்லாம் தூக்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் வேறு. நாலு வருடம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தேன். இந்தப் பெட்டி எப்படி இப்படி ஆனது என்று ஒருத்தர்கூடச் சொல்லித்தரவில்லை. கணினியின் தந்தை யார், இரண்டு மார்க். இயங்குதளம் என்றால் என்ன, ஐந்து மார்க். சேமிக்கிற பொத்தானில் ஒரு சதுரப் படம் இருக்கிறதே, அது என்ன என்று லேப் ஆசிரியரிடம் கேட்டேன். "அது சும்மா டிசைன்மா" என்றார். டாக்டர் பட்டம் வாங்கியவர்.

அது டிசைன் இல்லை, ஃப்ளாப்பி. அதற்கும் முந்தைய ஃப்ளாப்பி இன்னும் பெரிது, ஐந்தேகால் அங்குலம். கறுப்பு உறைக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டத் தகடு, அப்பளம் மாதிரி வளையும். இன்றைக்குப் போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதில் முழுசாக ஏறாது. வீட்டுக் கம்ப்யூட்டர் என்று முதன்முதலில் வந்தவற்றில் பலவற்றுக்கு உள்ளே ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. காலையில் இயங்குதளத்தையே ஒரு ஃப்ளாப்பியில் இருந்துதான் ஊட்டிவிட வேண்டும். அது போகிற வாய்க்கு ஏ என்று பெயர். நாம் செய்கிற வேலை பி என்கிற இரண்டாவது வாயில். ஹார்ட் டிஸ்க் பிற்பாடு வந்தபோது மிச்சம் இருந்த எழுத்து சி. என் ஆபீஸ் லேப்டாப் இன்றைக்கும் சி-யில்தான் தொடங்குகிறது. ஏ எங்கே, பி எங்கே என்று எங்கள் ஆபீசில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சம்பளம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

அந்த எழுத்துகள்கூட டாஸ் என்கிற இயங்குதளத்தின் சொந்தச் சரக்கு இல்லை. அதற்கு முன்னால் இருந்த இன்னொன்றிடமிருந்து எடுத்தது. டாஸை முதலில் எழுதியவர் அதற்கு வைத்த செல்லப் பெயருக்கே 'அவசரமாகச் செய்த அழுக்கு வேலை' என்று அர்த்தம். அந்த அழுக்கு வேலையின் மேல்தான் அப்புறம் பாதி உலகம் கட்டடம் கட்டிக்கொண்டது. இதை நான் சாப்பாட்டு மேசையில் சொன்னால் அம்மா, "ஏளா, மொதல்ல மீன் முள்ளப் பாத்துத் தின்னு" என்பாள்.

துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் பெட்டி எண்ணைப் பார்த்துப் பார்த்து அரசாங்க இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அது பன்னிரண்டு மணிக்கு மேல் படுத்துவிடும், மூன்று மணிக்கு எழுந்திருக்கும். இடைப்பட்ட நேரத்தில் நாங்கள் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு இருப்போம். இந்த ஆபீசுக்கு ஐம்பது வயது ஆனது. சின்ன முதலாளி, அதாவது பழைய முதலாளியின் மகன், ஒரு பொன்விழா மலர் போடுவோம் என்றார். எங்கோ போய் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். 'லெகஸி' என்ற வார்த்தையை ஒரு மீட்டிங்கில் பதினோரு தடவை சொன்னார். எண்ணினேன். மலரை யார் எழுதுவது என்று கேட்டதும் எல்லோரும் மேசைக்கு அடியில் எதையோ தேடினார்கள். நான் கையைத் தூக்கினேன். சும்மா இருக்கத் தெரியாது, அது என் வியாதி.

மலரில் பழைய முதலாளி படம், ஆயர் ஆசிச் செய்தி, கிரேன் படம், மறுபடியும் பழைய முதலாளி படம். சிரிப்பதற்கு ஒரு பக்கம் வேண்டும் என்றார் சின்ன முதலாளி. என்னிடம் இருந்தது. எங்கள் வீட்டிலேயே இருந்தது.

என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, கல்யாணத்துக்கு முன்னால் இதே ஆபீசில் டைப்பிஸ்ட். பெரியப்பா அப்போது அங்கே கிளார்க். பிறகு மேனேஜராகி, அந்த நாற்காலியிலேயே ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து எல்லோரும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவோம். நண்டுக் குழம்பு வந்ததும் பெரியப்பா அந்தக் கதையை எடுப்பார். எனக்குப் பல் முளைத்த காலத்தில் இருந்து கேட்கிறேன்.

"உங்க பெரியம்மா இருக்காளே, சாதாரணப்பட்டவ இல்ல. ஜெர்மன்காரனுக்குப் போக வேண்டிய நிலாவரை இலைய பினாங்குக்கு அனுப்புனவ. அங்கன உள்ளவன் சாக்கப் பிரிச்சுப் பாக்கான். நாம வெங்காயம்லா கேட்டோம், இது என்னடா இலைன்னு கொதிக்க வச்சுக் குடிச்சிருக்கான். ஊரே ரெண்டு நாள் எந்திரிக்கல."

நிலாவரை வயிறு இளகக் கொடுக்கிற மருந்து. நம் பக்கத்தில் விளைந்து கப்பல் ஏறும். பினாங்கில் யாரும் எதையும் குடிக்கவில்லை. சாக்கு சும்மா கிடங்கில் கிடந்து திரும்பி வந்தது. ஆனால் கதைக்குக் கக்கூஸ் வேண்டும். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். பெரியம்மா யாருக்குக் கால் வேண்டும், யாருக்கு ஓடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு குழம்பு ஊற்றுவாள்.

அதைப் பதினெட்டாம் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பெயர் போடவில்லை, 'எங்கள் டைப்பிஸ்ட்' என்று மட்டும். சின்ன முதலாளி நாற்காலியோடு சேர்ந்து குலுங்கினார். அந்தச் சந்தோஷத்தில் திங்கட்கிழமை சாயங்காலம் நேரே பெரியம்மா வீட்டுக்குப் போய் வாசித்தே காட்டினேன். அவள் அந்த வேலையை விட்டபின் எந்த ஆபீசுக்கும் போனதில்லை. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். மெஷினில் காலை மிதித்துக்கொண்டே கேட்டாள். பினாங்கு வந்த இடத்தில் கால் நின்றது.

"அச்சுல போடுதியளா?"

"பேரு போடல பெரியம்மா."

"பேரு என்னத்துக்கு? அந்த ஆபீசுல அப்ப டைப்பிஸ்ட் ஒருத்திதான். ஊருக்கே தெரியும்."

நான் சிரித்து மழுப்பினேன். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "அத நான் அடிக்கலளா."

"அடிக்கலன்னா பெரியப்பாட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். கல்யாணமான மொத வருசம் பூரா சொன்னேன். தாளுக்கு அடியில என் ரெண்டு எழுத்து இருந்துச்சு. டைப் அடிச்சவ எழுத்த இடப்பக்கம் மூலையில போடணும், அது வழக்கம். இதப் பாரு, ஒன் எழுத்துலான்னு காட்டுனா நான் என்ன சொல்ல? வேலைய விட்டேன்." துணியைத் திருப்பிப் போட்டாள். "முன்னால நான் அடிக்கலன்னு எனக்கு நல்லாத் தெரியும். கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே தெரியல. அடிச்சிருப்பனோ என்னமோ. நீ அச்சுல போட்டுட்டன்னா அப்புறம் அடிச்சதுதான்."

மலர் வியாழக்கிழமை சிவகாசி அச்சகத்துக்குப் போகிறது. இந்த விஷயத்தில் என்னை நானே திட்டிக்கொள்ள அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. இந்த ஆபீஸ் எதையும் தூக்கிப் போடாத ஆபீஸ். அந்தத் தாளை அடித்தது டைப்ரைட்டரில் இல்லை, ஆபீசில் அப்போது இருந்த கம்ப்யூட்டரில்; அப்படியானால் அந்த ஃப்ளாப்பி எங்கேயோ இருக்கும். மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

இருந்தது. செவ்வாய்க்கிழமை பரணில் ஏறினேன். சின்ன முதலாளியே ஏணியைக் காட்டிவிட்டார்; கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்க அவருக்கும் பழசு ஏதாவது வேண்டுமாம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் உண்மையில் அவருக்கு வந்ததுதான். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விளையாடுவதற்காக, சிங்கப்பூர் போய்வந்த ஒரு கப்பல்காரர் மூலமாக வரவழைத்த வீட்டுக் கம்ப்யூட்டர். பிள்ளை ஒரு மாதம் அதில் தவளையைத் தாவ விட்டுவிட்டு மூலையில் போட்டது. அப்பா அதை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் லெகஸி இதுதான்.

உப்பளத்துக் காற்று பட்டு இரும்பு பீரோ பூராவும் பொரிந்து கிடந்தது. அதற்குள் 'புகார்' என்று எழுதிய கோப்பு. அதற்குள், மற்ற தாள்களோடு தாளாக, மூலையில் ஓட்டை போட்டு, டேக் கயிறு கோத்து, முடிச்சும் போட்டு ஒரு ஃப்ளாப்பி.

ஓட்டை போட்டு. கோப்பில் கோப்பதற்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏணி ஆடியது. வெளிநாட்டில் யாரோ ஃப்ளாப்பியைக் காந்தத்தால் பீரோவில் ஒட்டிவைத்தான் என்று சிரிப்புக் கதை உண்டு. அது கதை. இங்கே நிஜமாகவே ஒரு மனிதர், பஞ்ச் மெஷினை எடுத்து, மேசையில் வைத்து, ஓங்கி ஒரு குத்துக் குத்தியிருக்கிறார். எல்லாத் தாளுக்கும் ஓட்டை உண்டென்றால் இதற்கு மட்டும் ஏன் இல்லை என்ற நியாயம்.

வீட்டுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உறை சதுரம், உள்ளே இருக்கிற தகடு வட்டம். நாலு மூலையிலும் கொஞ்சம் காலி இடம் உண்டு. அந்தப் புண்ணியவான் குத்திய ஓட்டை மிகச் சரியாக அந்தக் காலி இடத்தில் விழுந்திருந்தது. தகட்டில் ஒரு கீறல் இல்லை. அதுமட்டுமில்லை, கயிற்றில் கட்டிப்போட்டதால்தான் அது அந்தக் கோப்பை விட்டு எங்கும் போகாமல் இருந்திருக்கிறது. பத்திரமாக வைத்த மற்ற ஃப்ளாப்பி ஒன்றுகூட அந்தப் பரணில் இல்லை. எனக்கு இது பிடிக்கவே இல்லை. முட்டாள்தனம் பலன் தந்தால் அதை எந்தக் கணக்கில் வைப்பது?

தகட்டில் லேசாகப் பூஞ்சை. மருத்துவமனை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, உறையின் ஜன்னல் வழியாகத் தகட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். ஓரத்தில் இருக்கிற வெட்டை ஸ்டிக்கரால் மூடினேன். மூடினால் மெஷின் படிக்கும், மேலே எதையும் எழுதாது. பிறகு என்னிடம் இருக்கிற இரண்டு வாய்ப் பெட்டியைக் கிளப்பினேன். ஏ-யில் டாஸ். பி-யில் இது. கர்ரக் கர்ரக். என்ன இருக்கிறது என்று கேட்டதும் பட்டியல் வந்தது.

பெயர், அளவு, கடைசியாகச் சேமித்த தேதி, நேரம். ஒரு பக்கம் பூராவும் ஒரே தேதி: ஒன்று, ஒன்று, எண்பது. ஒன்று, ஒன்று, எண்பது.

நான் சத்தமாகச் சிரித்தேன். காரணம் எனக்குத் தெரியும். அந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் கடிகாரம் கிடையாது. நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பினால், தான் பிறந்த தேதி மாதிரி எண்பதாம் வருடம் ஜனவரி முதல் நாள், செவ்வாய்க்கிழமை, நள்ளிரவு என்றே நினைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும், பிறகு மணி என்ன என்று கேட்கும். நாம் அடித்துச் சொல்ல வேண்டும். எவன் சொன்னான்? கேள்வி வந்ததும் எல்லோரும் செய்தது, என்டர் பொத்தானை இரண்டு தடவை தட்டுவது. உலகம் பூராவும் அப்படித்தான். எத்தனை லட்சம் கடிதம், கணக்கு, கவிதை அந்த ஒரே செவ்வாய்க்கிழமையில் எழுதப்பட்டதாகப் பதிந்து கிடக்கிறதோ. நாளைக்கு யாராவது தோண்டி எடுத்தால், மனித குலம் ஒரே நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது என்று எழுதுவான்.

சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே தேதிகள் இருந்தன. நிஜமான தேதிகள், நிஜமான நேரங்கள். பதினேழு கோப்பு. ஒன்பது இருபத்திரண்டு, பதினொன்று ஐந்து, மதியம் இரண்டே கால். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை.

போனை எடுத்துப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

"பெரியம்மா, மெஷினப் போட்டதும் தேதி கேக்கும்லா, நீங்க என்ன செய்வீங்க?"

"அடிப்பேன்."

"தினமுமா?"

"அது கேக்குதுலா. கேட்டா சொல்லணும்லா." என் கேள்வியே அவளுக்கு அசட்டுத்தனமாகப் பட்டது, குரலில் தெரிந்தது. "கரண்டு போயிட்டு வந்தா திரும்பக் கேக்கும். திரும்ப அடிப்பேன். மணி செவுத்துக் கடிகாரத்தப் பாத்து."

"மத்தவங்க?"

"யாரு மத்தவங்க? நானும் ஒங்க பெரியப்பாவுந்தான் அதத் தொடுவோம். அவரு டொக்கு டொக்குன்னு ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிருவாரு."

போனை வைத்துவிட்டு நிலாவரையைத் தேடினேன். அந்தக் காலத்தில் கோப்புக்கு எட்டு எழுத்துக்குள் பெயர் வைக்க வேண்டும். நிலாவரைக்கு ஏற்றுமதிக்காரர்கள் சொல்கிற பெயர் சென்னா. சென்னா என்று ஒரே ஒரு கோப்பு இருந்தது. தேதி ஒன்று, ஒன்று, எண்பது. நேரம் நள்ளிரவு பன்னிரண்டு இருபத்தொன்று.

அந்த நேரத்துக்கு அர்த்தம் நள்ளிரவு இல்லை. கிளப்பி இருபத்தோரு நிமிடம் என்று அர்த்தம். யாரோ மெஷினைக் கிளப்பி, இரண்டு தட்டுத் தட்டி, இருபத்தொன்றாம் நிமிடம் இதைச் சேமித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

திறந்தேன். நிலாவரை, இத்தனை சாக்கு, ஜெர்மனி கம்பெனி முகவரி, எல்லாம் சரி. சேர வேண்டிய துறைமுகம்: பினாங்கு. இடப்பக்கம் மூலையில் பெரியம்மாவின் இரண்டு எழுத்து. அடுத்து, வெங்காயம் என்று பெயர் வைத்த கோப்பைத் திறந்தேன். அது பெரியம்மாவின் வேலை. சரியான தேதி, சரியான நேரம். பினாங்குக்குப் போன வெங்காயம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரிக்கு வரி ஒன்று. வெங்காயத்தை எடுத்து, பெயரை மாற்றி, சரக்கை மாற்றி, முகவரியை மாற்றி, துறைமுகத்தை மாற்ற மறந்து, மூலையில் இருந்த எழுத்தைப் பற்றி நினைக்கவே நினைக்காமல் ஒருத்தர் சேமித்திருக்கிறார்.

என்டர் தட்டுகிற ஒருத்தர்.

பெரியப்பாவின் போனை மாதம் ஒரு தடவை நான்தான் சுத்தம் செய்கிறேன். எது வந்து என்ன கேட்டாலும் சரி, சரி, சரி என்று அமுக்கிவிடுவார். மாதா கோயிலே கதி என்று கிடந்து 'கோயில் குட்டி' என்று பெயர் எடுத்த மனிதரின் போனில் ஜாதகம் பார்க்கிற ஆப் மூன்று இருக்கின்றன. "தூத்துக்குடியிலயே மொதமொதல்ல கம்ப்யூட்டர்ல கை வச்சவன் நான்" என்பார். கை வைத்தார், சரிதான். கண்ணை வைக்கவில்லை.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, லேப்டாப்பில் அந்தப் பட்டியலின் படத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரியப்பா மதியச் சாப்பாட்டில் இருந்தார். பெரியம்மா மெஷினில். நான் பட்டியலைக் காட்டி, கடிகாரம் இல்லாத கதையைச் சொல்லி, ஒன்று ஒன்று எண்பதைச் சொல்லி, இருபத்தோரு நிமிடத்தைச் சொன்னேன். நல்ல உற்சாகத்தில் இருந்தேன், மறைப்பானேன். கல்லூரியில் எந்த செமினாரிலும் இப்படிப் பேசியதில்லை.

"அதெல்லாம் மெஷின் தப்பு" என்றார் பெரியப்பா. "அது அப்பமே கோளாறு புடிச்ச மெஷினு."

"மெஷின் தப்புன்னா பெரியம்மாவோட பதினேழு கோப்புக்கும் தேதி எப்படிச் சரியா இருக்கு?"

"ஒரு நாள் அவளும் மறந்திருப்பா."

"மறந்திருக்கலாம்" என்றாள் பெரியம்மா. அவளே சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஒண்ணு ஒண்ணு எண்பதுன்னு இருக்கறதுல மிச்சமெல்லாம் என்ன தெரியுமா? வாசிக்கட்டுமா?" நான் வாசித்தேன். பெரியப்பா பெயரில் ஒரு லீவு விண்ணப்பம், அண்ணன் மகள் கல்யாணம். பெரியப்பா பெயரில் இன்னொரு லீவு விண்ணப்பம், அதே அண்ணன் மகள், அதே கல்யாணம், ஆறு மாதம் கழித்து. கால்பந்து அணிக்குப் பதினோரு பேர் பட்டியல், தலைவர் இடத்தில் அவர் பெயர். சம்பள உயர்வு கேட்டு ஒரு கடிதம், பாதியில் நிற்கிறது.

பெரியம்மா குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"யாரு அடிச்சா என்னளா இப்ப? கப்பல் வெளிய நிக்கி. நீ சாப்பிடப் போயிட்ட. கரண்டு வேற போயிட்டு அப்பத்தான் வந்துச்சு. முதலாளி என் தலைமாட்டுல நின்னு தாளு எங்க, தாளு எங்கங்காரு. நான் என்ன செய்ய?"

நான் கரண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்றைக்குக் கரண்டு போய் வந்தது அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும்தான் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்க முடியும். அவருக்கும் அது உறைத்தது. சோற்றைப் பிசைந்தார். ஏற்கெனவே பிசைந்த சோறு.

பெரியம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. "அப்ப நான் அடிக்கல" என்றாள். அவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. ஒரு ஜாக்கெட் அளவைச் சரிபார்க்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். "நான் அடிக்கல."

அப்புறம் அவரிடம் திரும்பினாள். "என் எழுத்துன்னு அன்னைக்குக் காட்டுனது நீங்கதான?"

"முதலாளி கேட்டாரு. தாள எடுத்துக் காட்டுனேன். பொறவு எப்படிச் சொல்ல? வேலை போயிருக்கும்."

"எனக்குப் போச்சு."

"ஒனக்கு நான் இருந்தேம்லா" என்றார் பெரியப்பா. இதை அவர் ஆறுதலாகச் சொன்னார். நிஜமாகவே ஆறுதலாக. முப்பத்தைந்து வருடமாக அந்த மனிதர் தன் கணக்கை இப்படித்தான் நேர் செய்து வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நண்டுக் குழம்பில் எனக்கு ஊற்றிய பங்கை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

வெளியே வந்து சின்ன முதலாளிக்குப் போன் போட்டேன். பதினெட்டாம் பக்கத்தை எடுக்க வேண்டும், கதை தப்பு, அடித்தது டைப்பிஸ்ட் இல்லை என்றேன்.

"யார் அடிச்சா என்னம்மா? பேர் போடலையே. அந்தப் பக்கம் ஒண்ணுதான் படிக்கிற மாதிரி இருக்கு."

"அது பொய் சார்."

"நீதானே எழுதிக் கொடுத்தே?"

நான்தான் எழுதிக் கொடுத்தேன். யார் அடித்தால் என்ன என்று அன்றைக்கு இரண்டு பேர் சொன்னார்கள். நான் அதைச் சொல்லாமலே செய்திருந்தேன். கையைத் தூக்கி, பல்லைக் காட்டி, ஒரு கேள்விகூடக் கேட்காமல் என்டர் தட்டியிருந்தேன்.

கடைசியில் அவர் சலித்துப்போய், "மேனேஜர் அண்ணாச்சி எழுத்துல கொடுத்தா மாத்துதேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள" என்றார்.

திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன். பெரியப்பா உடனே போனை எடுத்தார். "வாட்ஸ்அப்புல ரெண்டு வரி போட்டுட்டாப் போச்சு."

"வேண்டாம்" என்றாள் பெரியம்மா. மெஷின் மேல் துணியைப் போட்டு மூடினாள். "இவ மாடியில அந்த மாதிரிப் பொட்டி இருக்குலா. அதுல அடிங்க."

"அது என்னத்துக்கு இப்ப?"

"நடங்க."

எங்கள் வீட்டு மாடிக்கு மூன்று பேரும் ஆட்டோவில் வந்தோம். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நேரே பெட்டிகள் மேல் அடித்தது. பெரியப்பா ஏறி வந்த மூச்சோடு, "இத்தனையும் குப்பை" என்றார். ஏழில் ஆறைப் பற்றி அவர் சொன்னது சரிதான். ஏழாவதில் டாஸைப் போட்டுக் கிளப்பி, பி-யில் புது ஃப்ளாப்பி ஒன்றைச் செருகி, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். பெரியம்மா பின்னால் நின்றாள்.

திரையில் கேள்வி வந்தது. இன்றைக்கு ஒன்று, ஒன்று, எண்பது, செவ்வாய். புதுத் தேதி என்ன?

அவர் விரல் தன்னால் என்டருக்குப் போனது. பெரியம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கேக்குதுலா?"

"இதுக்குப் போயி..."

"கேக்குது. சொல்லுங்க."

அவர் இன்றைய தேதியை நம் வழக்கப்படி நாள், மாதம், வருடம் என்று ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். தேதி செல்லாது என்று சொல்லிவிட்டு மெஷின் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டது. மறுபடியும் அதையே அடித்தார். மறுபடியும் செல்லாது. முதன்முதலாகக் கை வைத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாசம் முன்னால" என்றாள் பெரியம்மா. முப்பத்தைந்து வருடம் ஆகியும் அவளுக்கு மறக்கவில்லை.

மாதத்தை முன்னால் போட்டார். அப்படியும் ஏற்கவில்லை, அந்த டாஸுக்கு இந்த நூற்றாண்டின் வருடம் இரண்டு இலக்கத்தில் புரியாது, நாலு இலக்கமும் வேண்டும். அதை நான் சொன்னேன். நாலும் போட்டார். அடுத்து மணி கேட்டது. அவர் சட்டையை விலக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கடிதம் இரண்டு வரிதான். நிலாவரைத் தாளை அடித்தது டைப்பிஸ்ட் அல்ல, அப்போது கிளார்க்காக இருந்த நான். தேடித் தேடி அடிக்க அரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவை, "கப்பல் அவசரத்தில்" என்று சேர்க்கப் பார்த்தார். பின்னால் இருந்து சத்தம் வராததால் அவராகவே அழித்தார். முடித்து எழுந்திருக்கப் போனவரைப் பெரியம்மா தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். திரையின் இடப்பக்கம் கீழ் மூலையைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை.

"யாரு அடிச்சது?" என்று கேட்டாள்.

பெரியப்பா கர்சரை அந்தக் காலி இடத்துக்குக் கொண்டுபோனார். அப்புறம் தன் இரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தார்.